கோடையில் மிஞ்சும் மடு

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் எக்காலத்தும் இரண்டு நாட்காட்டிகள் தொங்கும். ஒன்று பள்ளிவாசலில் தருகிற ஹிஜ்ரி நாட்காட்டி. மற்றொன்று உரக்கடையில் தருகிற, தமிழ் மாதம் அச்சிட்ட தினசரி காலண்டர். தொழுகை நேரமும் நோன்பும் பெருநாளும் முதலாவதில். விதைப்பும் நடவும் ஆற்றில் தண்ணீர் வரத்தும் இரண்டாவதில். மர்ஹூம் வாப்பா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழப் பதினோரு நாள் குறைவு என்பதால், ரமலான் மாதம் பருவங்களின் ஊடே பின்னோக்கி நகர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. சிற்றாற்றின் கரையில் வாழும் ஒரு மனிதர் அந்த ஒரு சுற்றுக்குள் ஆற்றின் எல்லா முகங்களையும் நோன்போடு பார்த்துவிடுவார். 2005-இல் ஐப்பசி மழையில் குடை பிடித்துத் தராவீஹுக்குப் போனோம். 2016-இல் நோன்பு ஜூன் 7 அன்று தொடங்கியது. சாரல் காற்றில் தாகம் தெரியாமல் பகல்கள் கழிந்தன. அடுத்த ஆண்டு நோன்பு மே மாத இறுதியில் வந்தது. நாங்கள் எழுத வந்தது அந்த ஆண்டைப் பற்றித்தான்.

அதற்கு முன் ஆற்றைச் சொல்லவேண்டும். வெளியூர் வாசகர்களுக்குக் குற்றாலம் என்றால் அருவி. அருவி என்றால் குளியல். அந்த நீர் அதன்பின் எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு. பேரருவியாக விழும் சிற்றாறு தென்காசியை நனைத்து, வழியில் பல துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு, கிழக்கே ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அவ்வழியில் தென்காசிக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு தென்னந்தோப்பும் உண்டு.

இந்த ஆற்றின் தனித்தன்மை, அது இரண்டு பருவமழைகளின் சந்திப்பில் இருப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுக் கணவாய் ஓர் இடைவெளி. ஆனி, ஆடியில் கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையின் ஓரம் அக்கணவாய் வழியே காற்றோடு நுழைந்து செங்கோட்டையிலும் குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாக விழுகிறது. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் போனால் அதே காற்று வறண்டுபோய் வீசும். பின்னர் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அது சாரல் அன்று. இடியும் மின்னலும் காட்டாற்று வெள்ளமுமாக வரும். முதல் மழை ஆற்றை மெல்ல நிரப்பி வாரக்கணக்கில் தெளிவாக ஓடவிடும். இரண்டாவது மழை ஒரே இரவில் அதைச் செந்நீராக்கிக் கல்லைப் புரட்டும். தை பிறந்தால் நீர் குறையும். பங்குனி, சித்திரையில் சமவெளியில் ஆறு நூலாகி, நூல் அறுந்து, மடுக்களாகத் துண்டுபடும். நாளிதழில் அன்றாடம் வரும் அணை நீர்மட்டத்தைப் பார்த்தாலே இச்சுழற்சி விளங்கும். குண்டாறு அணை 36 அடி, கருப்பாநதி 72 அடி, அடவிநயினார் 132 அடி. சிறியதான குண்டாறுதான் பெரும்பாலான ஆண்டுகளில் முதலில் நிரம்பும். அந்தச் செய்தி வந்தால் எங்கள் தெருவில் சீசன் உறுதியாகிவிட்டது என்று பொருள்.

நீர் மிகுவதை வரம் என்றும் குறைவதை வறுமை என்றும் எண்ணியே வளர்ந்தோம். ஆற்றில் வாழும் உயிர்களுக்கு அவை இரண்டும் வேலைக்கும் ஓய்வுக்குமான நேரங்கள் என்பது பின்னாளில்தான் புரிந்தது. வெள்ளம் வரும்போது கல்லின்மேல் தடித்துக் கிடந்த பாசி உரிந்து போகிறது. இடுக்குகளில் அடைந்த வண்டல் கழுவப்படுகிறது. பழைய மடு தூர்ந்து வேறோர் இடத்தில் புதிய மடு குடையப்படுகிறது. புதுவெள்ளத்தின் மணம் பட்டதும் கெண்டையும் கெளுத்தியும் எதிர்நீச்சலிட்டு மேலேறி, ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் வயலிலும் முட்டையிடும். ஏறி வரும் அந்தச் சினைமீன்களைக் கூடை வைத்துப் பிடிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. எங்களுக்கு அதில் மனம் ஒப்புவதில்லை. வெள்ளம் வடிந்து தெளிந்த தை, மாசி நாட்களில் கல்லில் இளம்பாசி படர்கிறது; குஞ்சுகள் அதை மேய்ந்து வளர்கின்றன. தட்டான்கள் நீரின்மேல் தாழப் பறந்து முட்டையிடுகின்றன. அவற்றின் இளம்பருவம் முழுவதும் நீருக்குள்தான் கழிகிறது என்பதை நம் பிள்ளைகள் பலர் அறியார்.

அருவிப் பாறைகளில் இதைவிட வியப்பான ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில், நீர் பாய்ந்தடிக்கும் பாறைமீது பாசி போல ஒட்டிக்கிடக்கும் ஒருவகைச் செடிகள் இருக்கின்றன. பாசியைப்போல் தோன்றினாலும் அவை பூக்கும் தாவரங்கள். போடோஸ்டெமேசியே என்பது குடும்பப்பெயர். அவற்றுள் ஒன்றுக்குத் திருநெல்வேலியின் பெயரையே இட்டு இன்டோட்ரிஸ்டிகா திருநெல்வேலியானா என்று அழைக்கின்றனர். மழைக்காலம் முழுதும் வெள்ளத்துக்கடியில் வளரும் இக்குடும்பத்துச் செடிகள், நீர் இறங்கிப் பாறை வெளியே தெரியும் நேரத்துக்காகக் காத்திருக்கும். காற்று பட்டதும் விரைந்து பூத்து, விதை உதிர்த்து, வெயிலில் கருகிவிடும். தூசி போன்ற அந்த விதைகள் காய்ந்த பாறையில் ஒட்டியிருந்து அடுத்த மழையில் முளைக்கும். நீர் இறங்காவிட்டால் பூ இல்லை. நீர் திரும்பி வராவிட்டால் செடி இல்லை.

தேவையான அளவில் வானிலிருந்து நீரை இறக்கிப் பூமியில் தங்கவைத்ததையும், அதைப் போக்கிவிடவும் தனக்கு ஆற்றலுண்டு என்பதையும் அல்லாஹ் நினைவூட்டும் இடம் அல்முஃமினூன் அத்தியாயத்தில் இருக்கிறது. வாப்பா ஆற்றங்கரையில் உளூச் செய்யும்போது அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அங்கே வரும் ‘அளவு’ என்ற சொல்லை நாங்கள் எத்தனை குடம், எத்தனை அடி என்ற பொருளிலேயே கேட்டுவந்தோம். 1997-இல் லெராய் பாஃப் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஆறுகளின் இயல்பான ஓட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். எவ்வளவு நீர் வருகிறது என்பதோடு, எத்தனை முறை வருகிறது, எத்தனை நாள் நீடிக்கிறது, எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு விரைவில் ஏறி இறங்குகிறது என்ற ஐந்தும் சேர்ந்தே ஓர் ஆற்றின் உயிரினங்களை உருவாக்குகின்றன என்பது அதன் கருத்து. எங்களில் கல்லூரியில் படித்தவர் அதை வீட்டில் விளக்கியபோது, வாப்பா அந்தச் சொல்லை ஏன் அத்தனை முறை சொன்னார்கள் என்பது கொஞ்சம் விளங்கியது. அப்போது வாப்பா உயிரோடு இல்லை.

இனி 2017.

அதற்கு முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் பொய்த்தது. சராசரியைவிட 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மாசியிலேயே எங்கள் தோப்பை ஒட்டிய ஆற்றில் ஓட்டம் நின்றது. கிணறு அடி தெரிந்தது. முந்தைய ஆண்டு நட்ட நாற்பது தென்னம்பிள்ளைகள் குருத்து வாடத் தொடங்கின. எஞ்சியிருந்தது ஒரு மடு மட்டுமே. ஒரு பெரும்பாறையின் காலடியில், மருதமரத்து வேர்களின் நிழலில், அறுபது அடி நீளமும் இருபது அடி அகலமும் இருக்கும். ஆழமான இடத்தில் மார்பளவு நீர். எங்கள் நினைவில் அது வற்றியதே இல்லை. அடியில் சிறு ஊற்று இருந்திருக்க வேண்டும்.

வாப்பாவுக்கு அப்போது முழங்கால் வலியால் தோப்புக்கு நடக்க முடியவில்லை. நாங்கள் அவர்களிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார்கள் என்று உள்ளூர அறிந்தே கேட்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறோம். வாடகைக்கு ஓர் ஆயில் இன்ஜின் கொண்டுவந்து, இஷாவுக்குப் பிறகு ஓடவிட்டோம். ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்லும் முன் மடு காலியாகிவிட்டது. தென்னம்பிள்ளைகளுக்கு வயிறார நீர் பாய்ந்தது. அந்த இரவில் எங்களுக்குப் பெருமைகூட இருந்தது.

வெளிச்சம் வந்ததும் மடுவின் அடிச்சேற்றைப் பார்த்தோம். அது அசைந்துகொண்டிருந்தது. மாதக்கணக்காக ஆற்றின் அந்தப் பகுதியிலிருந்த உயிரெல்லாம் நீர் குறையக் குறைய அங்கே வந்து ஒதுங்கியிருந்தன. அயிரை, கெண்டை, கெளுத்தி, வாயால் கல்லைப் பற்றிக்கொண்டு கிடக்கும் கருத்த சிறுமீன்கள், நண்டு, நத்தை, இரண்டு விரால், முழ நீளத்தில் ஒரு விலாங்கு. விலாங்கு கடலில் பிறந்து ஆற்றுக்கு ஏறிவந்து, முட்டையிட மீண்டும் கடலுக்குப் போகும் மீன். சீவலப்பேரியைத் தாண்டி, தாமிரபரணி வழியாக, எத்தனை அணைக்கட்டுகளை வழுக்கி ஏறி அது எங்கள் மடு வரை வந்திருக்கும்! கொக்குகள் அதற்குள் வந்து இறங்கிவிட்டன.

எங்களில் இளையவளுக்கு அப்போது பதினொரு வயது. அழுதுகொண்டே வாளியை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். அவளைப் பார்த்து நாங்களும் இறங்கினோம். கிடைத்ததை அள்ளி, இரண்டு வாளிகளில், பள்ளிவாசல் ஹவுளுக்குக் கொண்டுபோனோம். உளூச் செய்யும் ஹவுளில் மீன் விடுவது எங்கள் பக்கத்தில் புதிதன்று; கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று முன்னரே சில மீன்கள் விட்டிருந்தார்கள். மோதினார் சாஹிப் ஒன்றும் சொல்லவில்லை. விலாங்கைப் பார்த்துமட்டும் முகம் சுளித்தார். அதை வேறொரு கிணற்றில் விட்டோம்.

கல்லைப் பற்றும் மீன்கள் இரண்டாம் நாளே மிதந்தன. வெந்நீர் போலச் சூடேறும் சிமெண்டுத் தொட்டியில் அவற்றுக்கு ஊற்றின் குளிர்ச்சியும் இல்லை, பற்றிக்கொள்ளக் கல்லும் இல்லை. கெண்டையும் அயிரையும் சில நாட்கள் ஓடியாடின. பின்னர் அவையும் குறையத் தொடங்கின. ஒருவரும் பிடிக்கவில்லை, ஒன்றும் செத்து மிதக்கவில்லை. எண்ணிக்கை மட்டும் குறைந்தது. நோன்பின் முதல் வாரத்தில் மோதினார் சாஹிப்தான் கண்டுபிடித்தார். நாங்கள் கவனியாமல் வாளியோடு சேர்த்து விட்ட ஒரு விரால், மற்ற எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டுத் தனியாக வலம் வந்துகொண்டிருந்தது. ஆற்றிலும் விரால் சிறுமீனைத் தின்னத்தான் செய்யும். ஆனால் அங்கே வேரும் கல்லிடுக்கும் மணலும் உண்டு, ஒளிய இடமுண்டு. அந்த இடங்களை ஆண்டுதோறும் வெள்ளம் வந்து புரட்டி, குடைந்து, அமைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறது. வழுவழுப்பான நான்கு சுவர்களுக்குள் யாரும் ஒளிய முடியாது.

வாப்பாவுக்குச் செய்தி எப்படியோ எட்டியது. “மடுவ இறைச்சிட்டியளா?” என்று ஒரே ஒரு கேள்வி. நாங்கள் தலையசைத்தோம். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த ஆண்டு நோன்பு முழுதும் எங்களோடு இயல்பாகத்தான் பேசினார்கள். தோப்பைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ஆனியில் சாரல் வந்தது. ஆறு மறுபடி ஓடியது. நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலின் மழை தென்மாவட்டங்களை உலுக்கியபோது சிற்றாற்றிலும் பெருவெள்ளம். மடு தூர்வாரியதைப்போல ஆழமானது. நீர் வந்துவிட்டது, இனி மீனும் வந்துவிடும் என்றே நம்பினோம். தை மாதம் பாறைமேல் உட்கார்ந்து பார்த்தால் தெளிந்த நீர், இளம்பாசி படர்ந்த கல், மேய ஆளில்லை. சில அயிரைகள், விரலளவுக் கெண்டைகள்; அவ்வளவே. நீர் மேலிருந்து விழும், மீன் விழாது. அது எங்காவது ஒரு மடுவில் பிழைத்திருந்தால்தான் வெள்ளத்தின்போது புறப்பட்டு வரமுடியும். அந்தக் கோடையில் எங்களைப்போலவே மேலேயும் கீழேயும் பலர் மடுக்களை இறைத்திருந்தார்கள். கீழிருந்து ஏறிவர அணைக்கட்டுகள் குறுக்கே நிற்கின்றன. கல்லைப் பற்றும் மீனை எங்கள் மடுவில் மறுபடி பார்க்க நான்கு ஆண்டுகள் ஆயின. இது ஆய்வுக் கணக்கன்று. பாறைமேல் உட்கார்ந்து பார்த்த கணக்கு.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கொன்சா என்றொரு புல்வெளி இருக்கிறது. அங்கே ஓடும் கிங்ஸ் க்ரீக் என்னும் ஓடையை அறிவியலார் பல்லாண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். மலையும் அருவியும் இல்லாத, புல் மட்டுமே உள்ள நிலம். ஓடையின் பல பகுதிகள் மாதக்கணக்கில் வறண்டு கிடக்கும்; இடிமழை வந்தால் திடீரென்று பெருகும். வெள்ளத்தையும் வறட்சியையும் அங்குள்ள உயிர்கள் தாங்கிக்கொள்கின்றன. சிறகுள்ள பூச்சிகள் பறந்துவந்து முட்டையிடுகின்றன. மீன்கள் வற்றாத மடுக்களிலிருந்து மீண்டும் பரவுகின்றன. படித்தபோது எங்கள் சிற்றாற்றைப் படிப்பதுபோலவே இருந்தது. ஒரு வேறுபாடு: இங்கே ஒவ்வொரு மடுவுக்கும் அருகே ஓர் இன்ஜின் நிற்கிறது.

தாமிரபரணித் தொகுதிக்கே உரிய கெண்டை வகை ஒன்றை 1954-இல் மீனியல் அறிஞர் ஈ. ஜி. சைலஸ் விவரித்து, அதற்கு ஆற்றின் பெயரையே சூட்டினார். உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாத மீன். அன்று நாங்கள் வாளியில் அள்ளியவற்றுள் அது இருந்ததா என்று எங்களில் இளையவள் இப்போதும் கேட்பாள். அன்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

2024 கோடையும் கடுமையாகவே வந்தது. ஈதுல் ஃபித்ர் முடிந்த சில நாட்களில், ஆற்றுக்கு அக்கரையில் வாழை போட்டிருந்த பக்கத்துத் தோட்டக்காரர் எங்களிடம் வந்தார். வாழை குலைதள்ளும் நேரம்; மடுவை ஓரிரவு இறைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கேட்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. மடு எங்கள் பட்டாவில் இல்லை. நீரிலும் மேய்ச்சலிலும் நெருப்பிலும் மக்களுக்குப் பொதுவில் பங்குண்டு என்ற நபிமொழியை நாங்களும் ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். 2017-இல் அதைச் சொல்லித்தான் எங்கள் மனச்சாட்சியைச் சமாதானம் செய்துகொண்டோம். இன்று அதே பங்கை அவர் கேட்கும்போது மறுக்க எங்களுக்கு என்ன தகுதி? அவர் கடன் வாங்கி வாழை போட்டவர். எங்கள் தென்னைகள் ஏற்கெனவே வேர் பிடித்துவிட்டன. மீனுக்காக வாழையைக் கருகவிடச் சொல்வது எங்களுக்கு எளிது.

இரண்டு நாள் பேசினோம். வளைகுடாவிலிருக்கும் மூத்தவர் தொலைபேசியில், கொடுத்துவிடுங்கள் என்றார். இளையவள் கூடாது என்றாள். முடிவில் மூன்று தரப்பும் ஓரளவு கசப்போடு ஒப்புக்கொண்டது இது: முழங்காலளவு நீர் மடுவில் நிற்கவேண்டும், அதற்குமேல் உள்ளதை அவர் எடுத்துக்கொள்ளலாம். அந்த அளவை இளையவள் பாறையில் கோடாகக் குறித்தாள். பள்ளிவாசல் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைச் சாயம்தான். அன்றிரவு இன்ஜின் ஓடியபோது அவளும் நாங்களும் டார்ச் விளக்கோடு பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். கோட்டுக்கு நான்கு விரல் மேலே நீர் நிற்கும்போதே அவர் தாமாக இன்ஜினை நிறுத்திவிட்டு, “போதும்மா” என்றார். வாழையில் ஒரு பகுதி காய்ந்துதான் போயிற்று.

மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, மலையில் பெய்த மழையால் பழைய குற்றாலத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் வெள்ளம் வந்து ஒரு பள்ளிச் சிறுவனைக் கொண்டுபோனது. மேலே காட்டில் பெய்வது கீழே குளிப்பவருக்குத் தெரிவதில்லை. ஓர் ஆறு எவ்வளவு விரைவில் ஏறும் என்பதை மீன்கள் அறிந்த அளவு நாம் அறியவில்லை. அந்தக் குடும்பத்துக்கு இறைவன் பொறுமையைத் தருவானாக. அந்த நாட்களின் மழையில் எங்கள் பக்கமும் கலங்கல் வந்து, மடு மீண்டும் ஆற்றோடு சேர்ந்தது. அடுத்த வாரம் பாறையருகே போய்க் குனிந்து பார்த்தோம். நீர் தெளியவில்லை, எதுவும் தெரியவில்லை. கையை விட்டபோது கல்லின் அடியிலிருந்து ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு போனது.

அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகை வெள்ளங்கள் வடிந்தபின் பச்சைக் கோட்டைத் தேடினோம். பாதி அழிந்திருந்தது. பங்குனிக்குள் மறுபடி பூசவேண்டும். இம்முறை வேறு சாயம் வாங்கவேண்டும்.